எண்பத்துமூன்று மீட்டர்

நகாசே
8 ஜூன் 1996

அன்புத் தங்கை ஷிஹோவுக்கு,

மழைக்காலம் இந்த வருடம் நான்கு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டது. ஈரத்தில் உன் தோள்வலி அதிகமாகுமே என்று உன் அண்ணி கயோ கவலைப்படுகிறாள். அங்கே டோக்கியோவில் எப்படி? நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு ஐம்பத்துமூன்று ஆகிவிட்டது என்று டிப்போவில் என்னை மலைப்பாதையிலிருந்து எடுத்து, நகரச் சுற்று பஸ் ஓட்டக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பதினோரு முறை அதே ஸ்டேஷன், அதே பாலம்.

இத்துடன் சில தாள்கள் வைத்திருக்கிறேன். பயப்படாதே. அம்மாவின் புகையிலைக் கடை இருந்த மனையை நகராட்சிக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இப்போது அதில் நான்கு கார்கள் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் புல். நகராட்சி அங்கே குழந்தைகளுக்கு ஒரு சிறு நூலகம் கட்டப்போகிறது. மனை நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் பதிவு முத்திரையும், அது உன்னுடையதுதான் என்று உன் வட்டார அலுவலகம் தரும் சான்றும் வேண்டும். பென்சிலால் வட்டமிட்ட ஐந்து இடங்களில் முத்திரை வைத்தால் போதும்.

நகராட்சி எழுத்தர் நெமோதோ நேற்று என் பஸ்ஸில்தான் ஏறினார். "உங்க தங்கச்சி முத்திரை ஒன்னுதான் சார் பாக்கி. அது வந்துட்டா செப்டம்பர் மன்றக் கூட்டத்துல வெச்சிடலாம்" என்றார். ஜூலை முடிவதற்குள் அனுப்பிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
யசுஹிகோ


டோக்கியோ
19 ஜூன் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் தாள்களும் கிடைத்தன. தோள் பரவாயில்லை. இங்கே மழையைவிட அலுவலகத்துக் குளிர்சாதனம்தான் தொல்லை. சட்ட நூல் பதிப்பகம் என்றால் தாள் கெடாமல் இருந்தால் போதும், மெய்ப்புப் பார்ப்பவர்கள் விறைத்துப்போனாலும் கவலையில்லை. உங்களுக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அண்ணிக்கு முழங்கால் தேவலையா?

மனையைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் நான் வந்து வீடு கட்டப்போவதும் இல்லை. ஆனால் சில கேள்விகள். தவறாக நினைக்கவேண்டாம்.

நீங்கள் கடைசியாகப் படித்தது பஸ் நேர அட்டவணை என்றுதான் எனக்கு நினைவு. திடீரென்று ஏன் நூலகம்? நகராட்சிக்குப் பள்ளிக்கூரை ஒழுகுவதையே சரிசெய்ய வழியில்லை என்று போன வருடம் எழுதினீர்கள். கட்டடத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? டிசம்பரிலும் மன்றம் கூடும், மார்ச்சிலும் கூடும். ஏன் செப்டம்பர்?

இவற்றுக்குப் பதில் கிடைத்ததும் முத்திரை வைக்கிறேன். அண்ணியை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

ஷிஹோ


நகாசே
2 ஜூலை 1996

அன்புத் தங்கைக்கு,

மழை விட்ட இரண்டு நாளில் செர்ரி பறித்தோம். தனியாக ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் வெடித்திருக்கும், ருசிக்குக் குறைவில்லை. எனக்கு அழுத்தம் நூற்று நாற்பது. கயோ முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாள்.

நூலகக் கட்டடத்துக்கு உள்ளூரில் ஒரு நல்ல மனிதர் உதவுகிறார். தன் பெயர் வெளியே வருவதை அவர் விரும்பவில்லை. மழலைப் பள்ளியிலிருந்து ஐந்து நிமிட நடைதான், பிள்ளைகளுக்குச் சௌகரியம். நான் படிப்பதில்லை என்பதால் மற்றவர்கள் படிக்கக்கூடாதா? செப்டம்பர் என்பது நெமோதோ சொன்னது.

முத்திரையை இந்த மாதமே அனுப்பு.

யசுஹிகோ


டோக்கியோ
20 ஜூலை 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

செர்ரி வந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன், நன்றாக இருந்தது என்றார்கள். வெயில் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் தண்ணீர் வைத்துக்கொள்கிறீர்களா? போனில் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் அண்ணிதான் எடுத்தார், நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஆகவே எழுதுகிறேன்.

நகராட்சிக்குப் போன் செய்தேன். நெமோதோவிடம் பேசியதை அப்படியே தருகிறேன்.

"கட்டடத்துக்கு யார் கொடுக்கிறாங்க?"

"அது வந்து மேடம், ஒரு நன்கொடையாளர்."

"பேரே இல்லாத நன்கொடையாளரா?"

"பேர் இருக்கு மேடம். வெளிய சொல்லவேண்டாம்னு கேட்டுக்கிட்டார்."

"வெளிய சொல்லாதீங்க. நான் மனைக்குப் பாதிச் சொந்தக்காரி, என்கிட்ட சொல்லுங்க."

காகிதம் புரளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, "இனுகாய் சார். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மேடம்" என்றார். மூடிக் கிடக்கும் பட்டு ஆலை மனையை யாரோ வெளியூர்க் கம்பெனி வாங்கியிருப்பதாகப் பேச்சு என்றும், கேட்காமலே சொன்னார்.

ஆற்றுக்கு அக்கரையில் தகாரா என்ற பச்சிங்கோ கடை வைத்திருக்கும் இனுகாய்தானே? ஊரில் எஃகுக் குண்டும் மிஷினும் வைத்துச் சூதாட்டக் கூடம் நடத்தும் ஒரே மனிதர் பிள்ளைகளுக்கு நூலகம் கட்டித்தருகிறார் என்றால், எங்கள் அலுவலக அலமாரியைத் திறக்க எனக்கு அதிக நேரம் ஆகாது. மாவட்ட விதித் தொகுப்புகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. நம் மாவட்டத்து விதியை நானே ஒருமுறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். புதிய பச்சிங்கோ கடைக்கு உரிமம் கேட்டு மனு காவல் நிலையம் வழியாக மாவட்டப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும். பள்ளி, படுக்கை வசதியுள்ள மருத்துவமனை, நூலகம், இவற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் உரிமம் கிடையாது. நூலகம் கட்டி முடித்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. கட்டுவதென்று மன்றம் முடிவெடுத்த மனை இருந்தாலே போதும். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

நகாசே வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நம் மனையின் எல்லையிலிருந்து பட்டு ஆலை மனையின் எல்லைக்கு எண்பத்துமூன்று மீட்டர்.

இனுகாய் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார், அது அவர் பாடு. அதற்கு அம்மாவின் மனை எதற்கு? உங்களுக்கு அதில் என்ன?

ஷிஹோ


நகாசே
16 ஆகஸ்ட் 1996

ஷிஹோவுக்கு,

ஓபோன் நாட்கள் முடிந்து, முன்னோர்களை வழியனுப்ப இன்றுதான் ஆற்றில் விளக்கு விட்டோம். கல்லறையைக் கழுவினேன். அம்மாவுக்குப் பிடித்த அவரைப்பசை உருண்டை வைத்தோம். நீ இந்த வருடமும் வரவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. தருவதாகச் சொல்லவும் இல்லை.

நீ கண்டுபிடித்தது சரி. தலைநகர்க் கம்பெனி ஒன்று பட்டு ஆலை மனையில் நானூற்று இருபது மிஷின் வைக்கப்போகிறது. நம் வீட்டு வாசலிலிருந்து தெருவைத் தாண்டினால் அவர்கள் கதவு. ஜூலையிலேயே மனு கொடுத்துவிட்டார்கள். போலீஸார் வந்து அளந்துபோனார்கள். செப்டம்பர் 12 மன்றத்தில் நூலகத் தீர்மானம் நிறைவேறினால் அவர்களுக்கு உரிமம் இல்லை. நிறைவேறாவிட்டால் உண்டு. அவ்வளவுதான்.

ஊருக்கு அது நல்லதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்குத் தோன்றாவிட்டாலும் அண்ணன் கேட்கிறான் என்று செய்யக்கூடாதா? இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

யசுஹிகோ


டோக்கியோ
29 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓபோனுக்கு வராதது என் தவறு. இரவில் கொஞ்சம் காற்று வரத்தொடங்கியிருக்கிறது. நீங்கள் இருவரும் வெயிலைத் தாண்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் தொழிலே அதுதான். "ஊருக்கு நல்லதில்லை" என்கிறீர்கள். அண்ணா, ஊர் நன்மையைப்பற்றி நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. தேர்தலுக்குக்கூட அண்ணி இழுத்துப்போனால்தான் போவீர்கள். பச்சிங்கோ ஊருக்குக் கெடுதல் என்றால் இனுகாயின் கடையும் கெடுதல்தானே? அவருக்கும் உங்களுக்கும் இடையில் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று நீங்கள் எழுதிய எந்த வரியிலும் இல்லை.

நான் முடியாது என்று சொல்லவில்லை. தெரியாமல் முத்திரை வைக்கமாட்டேன் என்கிறேன். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்று இனுகாய் எழுதித் தரட்டும். இல்லாவிட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். செப்டம்பர் 15 விடுமுறையில் நானே வந்து பார்க்கிறேன். நல்ல காரியம் என்றால் டிசம்பர் மன்றத்திலும் நல்ல காரியமாகவே இருக்கும்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஷிஹோ


நகாசே
4 செப்டம்பர் 1996

அன்புள்ள ஷிஹோ,

இங்கே புதுநெல் கதிர் சாயத்தொடங்கிவிட்டது. உன் தோளுக்கு அனுப்பிய மருந்துப் பட்டை வந்து சேர்ந்ததா? என் முழங்கால் மாடிப்படியில் மட்டும்தான் சண்டை போடுகிறது. இப்படி எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் இனுகாய் பின்வாசல் பக்கம் வந்தார். உள்ளே வரச்சொன்னேன், வரவில்லை.

"என்னய்யா யசு, உன் தங்கச்சி வக்கீலா?" என்றார்.

"இல்ல. வக்கீலுங்க புஸ்தகத்துல தப்புக் கண்டுபிடிக்கிறவ."

"அது இன்னும் மோசமாச்சே. எழுதித் தரச் சொல்றாங்களாமே. எழுதித் தரவா? என்ன எழுதணும்?"

உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பிறகு, "வேணாம். எழுதினா எல்லாத்தயும் எழுதணும்" என்றார்.

"பன்னண்டாம் தேதி, ஞாபகம் வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஷிஹோ, நான் சொல்லக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அது என்னுடையது இல்லை, உன் அண்ணனுடையது. அந்த ஆலைச் சுவரில் கம்பெனிக்காரர்கள் தகரம் அடித்த நாளிலிருந்து அவர் டிப்போவுக்குப் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறார். பதினைந்து நிமிடம் கூடுதல். மழையிலும் அப்படித்தான். இந்த ஒருமுறை எதுவும் கேட்காமல் வைத்துவிடு. நான் இப்படி உன்னிடம் எதற்கும் வந்து நின்றதில்லை.

அண்ணி
கயோ


டோக்கியோ
17 செப்டம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். இந்த முறை அந்தக் கேள்வியைப் போகிறபோக்கில் எழுதவில்லை. எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணி எனக்கு எழுதினார். அவரைக் கோபிக்காதீர்கள். கேட்காமல் வை என்று இரண்டாவது ஆளும் சொன்னதும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது. நான் அப்படித்தான். அதனால் பன்னிரண்டாம் தேதியைப் போகவிட்டேன்.

பதினைந்தாம் தேதி நகாசேக்கு வந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து நேராகப் பாலத்தைத் தாண்டி தகாராவுக்குப் போனேன். விடுமுறை நாளிலும் பாதி இருக்கை காலி. மிஷின் ஒவ்வொன்றின் ஓரத்திலும் போலீஸார் பார்த்து ஒட்டிய வில்லை பழுப்பேறியிருந்தது. இனுகாய் கல்லாவில் தானே உட்கார்ந்து, பரிசுக்கு வைத்திருக்கும் சோப்புப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"எங்கண்ணனுக்கு நீங்க என்ன கொடுத்தீங்க?"

"ஒன்னும் கொடுக்கல."

"நான் நேரா கேக்கறேன். நேரா சொல்லுங்க."

"நேராதாம்மா சொல்றேன். பதினோரு வருஷமா அவருக்கு நான் ஒன்னும் கொடுக்கல. ஒரு தட்டு குண்டுகூட."

கல்லாவுக்கு உள்பக்கம், வாடிக்கையாளர் பார்வைக்குப் படாத பலகையில், உங்கள் புகைப்படம் ஒட்டியிருந்தது. சீருடையும் தொப்பியுமாக. கீழே உங்கள் கையெழுத்தில்: இவருக்குக் குண்டு விற்கக்கூடாது. தாள் பழுத்திருந்தது. ஓரத்தில் இரண்டு முறை புது டேப் ஒட்டியிருந்தார்கள்.

"நான் ஒன்னும் புத்தர் இல்ல" என்றார் இனுகாய். "அந்தக் கம்பெனி வந்தா நான் கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான். அதுக்காகவும்தான் கட்டடம் தர்றேன்னு சொன்னேன். ரெண்டு காரணம் இருக்கு. ஒன்னு என்னோடது. இன்னொன்ன அவர்கிட்டயே கேளுங்க."

உங்கள் வாசல்வரை வந்தேன். அண்ணி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே அந்தத் தகரச் சுவர். நான் கூப்பிடவில்லை. மாலை ரயிலில் திரும்பிவிட்டேன்.

இன்று காலை அலுவலகம் திறந்ததும் சான்று வாங்கி, ஐந்து இடத்திலும் முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஐந்து நாள் தாமதம் என்று எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன அன்று நீங்கள் மலைப்பாதையில் பனியில் சிக்கிக்கொண்டதாகச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குச் செய்தி வந்ததும் நான் டிப்போவுக்குப் போன் செய்து உங்களைக் கேட்டேன். "உசாமி சாருக்கு இன்னிக்கு லீவாச்சே" என்றார்கள். நான் உங்களிடம் கேட்கவில்லை. பதினோரு வருடமாக நீங்கள் எது சொன்னாலும் அந்தப் பதிலை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தேன். முத்திரையைத் தராமல் வைத்திருந்ததும் அதனால்தான், நூலகத்தால் அல்ல.

ஷிஹோ


நகாசே
3 நவம்பர் 1996

ஷிஹோவுக்கு,

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. மலையில் முதல் பனி விழுந்துவிட்டது. கயோ முள்ளங்கியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்கிறேன். அக்டோபர் 24 அன்று கம்பெனிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. நான் காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். அங்கே மேசையில் இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார். "நூலகம் முதல்ல வந்திருந்தா கடை வராது சார். கடை முதல்ல வந்துட்டா நூலகம் வரலாம், யாரும் தடுக்கமாட்டாங்க. அளவு ரெண்டுக்கும் அதேதான். தேதிதான் வேற." டிசம்பர் மன்றத்தில் நூலகத் தீர்மானம் வரும். கட்டுவதாகச் சொன்னது சொன்னதுதான் என்கிறார் இனுகாய். ஆகவே மனை வீணாகாது.

இப்போது நீ கேட்டது.

1985 பிப்ரவரி 6, புதன்கிழமை. எனக்கு லீவு. அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பதாவது நாள். காலையில் போய்ப் பார்த்தேன். கஞ்சி குடித்தாள், என் சட்டைப் பித்தான் போயிருக்கிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று கயோவை உட்காரவைத்துவிட்டு தகாராவுக்குப் போனேன். அந்த நாட்களில் தினமும் போய்க்கொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. அன்றைக்கு மிஷின் கொடுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது. அப்படி ஆகும்போது யாரும் எழுந்திருக்கமாட்டார்கள்.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். "உசாமி யசுஹிகோ சார், ஆஸ்பத்திரியிலிருந்து போன்." சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்டது, ஷிஹோ. இந்தச் சுற்று முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை சொன்னார்கள். மூன்றாவது முறை இனுகாயே சொன்னார். பிறகு வந்து என் பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை. அவர் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மிஷினை அணைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள்.

கயோவைப் பொய் சொல்லவைத்தேன். பனி என்று உன்னிடம் சொன்னேன். அது நல்ல பொய் என்று நினைத்தேன், ஏனென்றால் அன்று உண்மையாகவே மலையில் பனி.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மறுபடி அங்கே போய் நின்றேன். அதுவும் உண்மை. இனுகாய் கதவிலேயே மறித்தார். "உங்க காசு எனக்கு வேணாம். வேற எங்கயாவது போங்க, இல்ல போகாம இருங்க" என்றார். வேறு எங்கே போவது, ஊரில் அது ஒன்றுதான். மறுவாரம் நானே அந்தப் புகைப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஆட்கள் மாறுவார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு என் முகம் தெரியவேண்டும் அல்லவா.

இந்தக் கடை ஏன் வரக்கூடாது என்று உன்னிடம் சொல்ல, அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொல்லாமல் முத்திரையை வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். நீ உன் அலமாரியைத் திறப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உன்மேல் குறையில்லை. நான் ஜூன் மாதமே எழுதியிருக்கலாம்.

யசுஹிகோ


டோக்கியோ
12 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது, கம்பளியை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று நான் அலுவலகம் போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்களை மன்னித்தேன் என்று எழுதினால் அது அலங்காரம். அந்த மூன்று அறிவிப்பும் எனக்கும் கேட்கின்றன. ஆனால் நான் செய்த கணக்கையும் போட்டுப் பார்த்தேன். தாள்கள் ஜூன் பத்தாம் தேதி என் மேசைக்கு வந்தன. பதினான்கு வாரம் என்னிடம் இருந்தன. பிழை இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கையைவிட்டு அனுப்பமாட்டேன். ஆனால் எழுதியவரைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கவும் மாட்டேன். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் இருந்ததை நான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடக்கக்கூடியதைப் பேசுவோம். அந்தக் கம்பெனி மேலாளரிடமும் உங்கள் புகைப்படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த விதியில் ஒன்றுமில்லை, தேடிவிட்டேன். வீட்டை விற்றுவிட்டு வேறு தெருவுக்குப் போவதானால் நானும் சேர்ந்து பார்க்கிறேன். அல்லது இருவரும் இங்கே வாருங்கள். அறை சின்னது, புத்தகங்களை நகர்த்தினால் இடம் இருக்கும்.

அண்ணியிடம் நான் வருத்தம் தெரிவித்ததாகச் சொல்லுங்கள். வேண்டாம், அவருக்கு நானே எழுதுகிறேன்.

தங்கை
ஷிஹோ


நகாசே
2 பிப்ரவரி 1997

அன்புத் தங்கைக்கு,

இடுப்பளவு பனி. தினமும் காலை வாசலை வெட்டி எடுக்கிறேன், முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது. கயோ அனுப்பிய ஊறுகாய் உனக்கு வந்ததாக எழுதினாய். அவளுக்கு உன் கடிதம் வந்ததையும், அதை மடித்து எங்கேயோ வைத்துவிட்டதையும் மட்டும் எனக்குச் சொன்னாள்.

நீ சொன்னபடி மேலாளரிடம் போனேன். முப்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். தேநீர் கொடுத்தான். புகைப்படத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தான்.

"சார், வர்றவங்கள வராதீங்கன்னு சொல்றதுக்கா நானூத்தி இருவது மிஷின் வாங்கி வெச்சிருக்கோம்?"

"ஒருத்தர் வரலன்னா நஷ்டமா தம்பி?"

"நஷ்டம் இல்ல. ஆனா இன்னிக்கு நீங்க, நாளைக்கு இன்னொருத்தர். அப்புறம் நான் போட்டோ ஸ்டூடியோதான் வைக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லவர் சார். வராம இருங்க, அவ்வளவுதானே" என்றான்.

வீட்டை விற்க இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிரே பச்சிங்கோ இருக்கும் வீட்டை யாரும் சுலபமாக வாங்கமாட்டார்கள்.

ஜனவரி 18 திறப்பு. வாசல் முழுக்க வாழ்த்துப் பூவளையம். பத்து மணிக்குத் திறக்க, ஏழுக்கே வரிசை நம் வேலியைத் தொட்டது. கயோ என்னைப் பஸ் டிப்போவரை கூட்டிப்போய் விடுகிறாள், திரும்பும்போதும் வந்து நிற்கிறாள். டிப்போவில் சிரிக்கிறார்கள். "உசாமி சாருக்கு மறுபடி கல்யாணம் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

வியாழக்கிழமை அவள் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்கு மதியத்தோடு வேலை முடிந்தது. நான் உள்ளே போனேன்.

நாற்பது நிமிடம். மிஷின்கள் எல்லாம் புதிது, வில்லைகள் பளபளக்கின்றன, குண்டைத் திருப்பிவிடும் ஆணிகளை எப்படி அடித்திருக்கிறார்கள் என்றுகூடக் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவு வெளிச்சம். என் கை எதையும் மறந்திருக்கவில்லை. பிறகு எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. தட்டில் குண்டுகள் பாதிக்குமேல் இருந்தன. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, எந்தப் பக்கம் வீடு என்று ஒரு நிமிடம் புரியவில்லை, எதிரேதான் இருக்கிறது.

கயோவிடம் அன்று மாலையே சொன்னேன். அவள் அழவில்லை, சோறு போட்டாள். உனக்கு எழுதச் சொல்லவும் இல்லை. நானாக எழுதுகிறேன். வேறு யார் சொல்லியும் உனக்கு இது தெரியவேண்டாம்.

அண்ணன்
யசுஹிகோ


டோக்கியோ
6 பிப்ரவரி 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பனி வெட்ட ஆள் வையுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். இன்று அம்மாவின் நினைவு நாள் என்று காலையில் ஒரு ஊதுபத்தி ஏற்றினேன். இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். இந்த முறை நேராக வீட்டுக்கு.

நாற்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணியிடம் நான் கேட்கப்போவதில்லை. இனுகாயிடமும், அந்த மேலாளரிடமும் கேட்கப்போவதில்லை. நாற்பது என்பதை நாற்பது என்றே வைத்துக்கொள்கிறேன். எனக்கு இது பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்த முறை நூறு நிமிடம் என்றால், நூறு என்று எழுதுங்கள்.

தங்கை
ஷிஹோ